குடிக்காமல் விட்ட தேத்தண்ணி

சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்று. அதன் மேல் ஒரு சில்வர்க் கோப்பை. கோப்பைக்குள் இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணி. பக்கத்தில் சின்னத் தட்டு ஒன்றில் ஒரு துண்டு பனங்கட்டி.

ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவ்வளவு நேரமும் நான் எதையும் யோசிக்கவில்லை. சொல்லவேண்டிய வசனம் ஏற்கெனவே வாயில் தயாராக இருந்தது.

"குடியுங்கோ ரீச்சர்" என்றார் பவளராணி.

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றேன்.

பச்சைப் பொய். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மூன்று வகுப்பு எடுத்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அங்கே போயிருந்தேன். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இஞ்சி வாசத்துக்கு வாயில் எச்சில்கூட ஊறியது. ஆனாலும் அந்த வசனம் தானாக வந்தது.

இந்தத் தொடரை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இரண்டு கிழமைக்கு முன்னால் இதே பக்கத்தில் இதே வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். கொழும்புத்துறையில் சிலம்பம் பழக்கும் ஒருத்தியிடம் போனேன், தலைக்கனம் பிடித்தவள், பழக்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள் என்று எழுதினேன். அந்தக் கட்டுரையில் தேத்தண்ணி இல்லை.

பத்திரிகை வந்த அன்று, என்னை வழக்கமாக இணுவிலிலிருந்து யாழ்ப்பாண ரவுணுக்கு ஏற்றிப்போகும் ஓட்டோக்கார அன்ரன், அதை மடித்து முன் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார். தாவடி தாண்டினோம். பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"வாசிச்சன் ரீச்சர். தேத்தண்ணியை விட்டிட்டியள்."

அவ்வளவுதான். ஆகவே இந்தக் கிழமை விட்டதை எழுதுகிறேன். இன்னொரு திருத்தம். போன முறை பவளராணிக்கு 'அவள்' என்றும், பிறகு நான் சிலம்பம் பழகப் போன மாஸ்ரருக்கு 'அவர்' என்றும் எழுதியிருந்தேன். இனிப் பவளராணிக்கும் 'அவர்'தான். மாஸ்ரரை இறக்கவில்லை. மனுசன் எவ்வளவோ பட்டங்கள் வைத்திருக்கிறார், இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்கிலி

நான் ஒரு ரியூசன் ரீச்சர். கணிதம். இருபத்திரண்டு வருடமாகச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சமன்பாடு சொல்லிக் கொடுத்துத் தொண்டை பழுதாகிப்போன ஆள். என் குரலுக்குப் கடைசி வாங்கில் இருக்கிற பெடியன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் குரல் ஒரு நாள் வேலை செய்யவில்லை.

பெற்றோல் வரிசைகள் ஓய்ந்து ஊர் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கியிருந்த காலம். பின்னேர வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிறேன், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து விலாசம் கேட்டார்கள். பதில் சொல்ல வாய் திறந்தேன். பின்னால் இருந்தவனின் கை என் கழுத்துக்கு வந்தது. தாலிக்கொடி போய்விட்டது. நான் ரோட்டில் விழுந்து கிடந்தேன்.

போன பவுணைப் பற்றி ஊர் போதுமான அளவு கதைத்துவிட்டது. எனக்கு வலித்தது வேறு. அந்த நேரம் முழுவதும் என் இரண்டு கையும் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? பிள்ளைகளின் விடைத்தாள் கட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கடதாசி பறந்துவிடக்கூடாது என்று. கழுத்தை அறுக்கிறான், நான் விடைத்தாளைக் காப்பாற்றுகிறேன்.

"உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்றார் என் கணவர். "சனி மாற்றம்" என்றார் அம்மா. எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை ஒருவன் கையை நீட்டினால் என் கை அசைய வேண்டும், அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. நாற்பது தாண்டிய பிறகு அதைச் சொல்லித்தர ஒரு நல்ல ஆள் வேண்டியிருந்தது.

அன்ரனிடம்தான் கேட்டேன். ஓட்டோக்காரருக்குத் தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் கிடையாது.

"படத்துக்கு நிக்கப் பழகப்போறியளோ, அடிக்கப் பழகப்போறியளோ?" என்று கேட்டார்.

"அடிக்க."

"அப்ப கொழும்புத்துறையிலை ஒரு பிள்ளை இருக்குது. பகலிலை நண்டுக் கொம்பனியிலை வேலை. கூட்டிக்கொண்டு போறன், நீங்களே பாருங்கோ."

படலை மட்டும் நடவுங்கோ

கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு. பாதி கட்டி முடிந்த சுவர். முற்றம் மட்டும் விளக்குமாற்று வரி தெரியக் கூட்டியிருந்தது. பவளராணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது இளையவர். விரல் முழுக்க நண்டு கிழித்த பழைய கோடுகள்.

நான் என் கதையை ஆரம்பிக்கப் போனேன். "பேந்து சொல்லுங்கோ. படலை மட்டும் ஒருக்கா நடந்து போட்டு வாங்கோ" என்றார்.

வேலிக் கதவு வரை நடந்தேன். திரும்பி வந்தேன்.

"உங்கடை பாரம் முழுக்க இடக்காலிலை நிக்குது ரீச்சர். வலது குதி சும்மா நிலத்தைத் தொடுது. ஆரும் பிடிச்சு இழுத்தால் வலப்பக்கமாத்தான் இருந்துபோவியள்."

ஒழுங்கையில் நான் விழுந்தது வலப்பக்கமாகத்தான். அன்று தோல் உரிந்த இடம் வலது இடுப்பில் இன்னும் கறுத்துக் கிடக்கிறது. அதை நான் இவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ஏன் அப்பிடி?" என்று கேட்டேன். வாயால் விளக்கவில்லை. ஒரு விரலை என் தோளில் வைத்துத் தள்ளினார். சரிந்தேன். குனிந்து என் குதிக்காலைப் பிடித்து நாலு விரல் தள்ளி வைத்தார். திரும்பவும் அதே விரல், அதே தோள். நின்றேன்.

நானும் ஒரு வாத்தி. பிள்ளை எந்த வரியில் பிழைக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்காமல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் வாத்தி இல்லை என்று இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற ஆள். இந்த மனுசி ஐந்து நிமிடத்தில் என் பிழையான வரியைத் தொட்டுக் காட்டிவிட்டார். சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. சந்தோசத்தில் கண்கூடக் கலங்கியது.

"திங்கட்கிழமை பின்னேரம் வாங்கோ. கம்பு கொண்டு வரவேண்டாம். ஆறு மாசத்துக்குக் கால் மட்டுந்தான்" என்றார். பிறகு "இருங்கோ, வாறன்" என்று குசினிக்குள் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை மேலே எழுதிவிட்டேன். எழுதாதது இது. நான் வேண்டாம் என்றதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து, பனங்கட்டியைக் கடித்துக் கடித்து, தானே ஆறுதலாகக் குடித்து முடித்தார். படலையடியில் அன்ரன் தன் கோப்பையைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"திங்கள் வேண்டாம் ரீச்சர். கொம்பனியிலை வேலை கூடிப்போச்சு" என்றார் பவளராணி.

"அப்ப எப்ப வரட்டும்?"

"பாப்பம்."

எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

அப்பாவின் சோடா

'இப்பதான் குடிச்சிட்டு வாறன்' என்ற அந்த வசனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

என் அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். ஊரில் நல்ல மனுசன் என்று பெயர். சனசமூக நிலையத்தில் எல்லாரும் சமம் என்று பேசுவார், கை தட்டுவார்கள். கலியாணவீடு, செத்தவீடு என்று யார் கூப்பிட்டாலும் போவார். எந்த வீடு என்று பார்க்கமாட்டார். போகிற வீட்டில் எதைக் குடிப்பது என்பதைத்தான் பார்ப்பார்.

எங்கள் ஆட்கள் கை நனைக்காத வீடுகள் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தச் சாதிகளின் பெயரை இங்கே எழுதமாட்டேன். யாழ்ப்பாணத்தவருக்கு எழுதாமலே தெரியும், மற்றவர்கள் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அப்படியான வீட்டில் அப்பாவுக்குச் சோடா வரும். அந்த வீட்டுக்காரர்களுக்கும் முறை தெரியும். ஆளைக் கடைக்கு அனுப்பி, மூடி திறக்காத போத்தலைக் கொண்டுவந்து, அவருக்கு முன்னால் வைத்து உடைப்பார்கள். அவர் சிரித்த முகத்தோடு வாங்கிக் குடிப்பார். அவர்கள் வீட்டுத் தண்ணீரும் இல்லை, அவர்கள் வீட்டு ஏனமும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் மரியாதை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அதற்குப் பெயர்.

"உடைக்கிறதைக் கண்ணாலை பாக்க வேணும் பிள்ளை" என்று சைக்கிளில் வரும்போது எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். சோடா இல்லாத வீடு என்றால், இப்பதான் குடிச்சிட்டு வாறன் என்று சொல்லவேண்டும். அதையும் சொல்லித் தந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. இடம்பெயர்ந்து போன இடத்தில் யார் யாருடைய வாளியிலோ தண்ணீர் குடித்தோம். சாதி எல்லாம் அதோடு போய்விட்டது என்று என்னைப் போன்றவர்கள் மேடையில் பேசுகிறோம். நானே பேசியிருக்கிறேன். இனிப் பேசமாட்டேன்.

பவளராணியின் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நான் அன்ரனிடம் "அவை எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று கேட்டிருந்தேன். அன்ரன் பதில் சொன்னார். சிலம்பம் பழகப் போகிற ஒரு கணித ரீச்சருக்கு அவர்களுடைய சாதியைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை.

எங்கடை ஆள்

அதற்குப் பிறகு மாஸ்ரரிடம் போனேன். ரவுணில் மாடிக் கட்டடம். படியேறும் சுவர் முழுக்க அவருடைய படம். கண்ணாடி அலுமாரி நிறையக் கிண்ணம். அந்தப் பட்டம், இந்தப் பட்டம், சர்வதேசம், அகில உலகம். இவ்வளவு இருக்கிற ஆள் இந்த மாடியில் ஏன் இருக்கிறார் என்று ஒரு கேள்வி எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து பெயரைச் சொன்னேன். அம்மா அரை மணித்தியாலம் தொலைபேசியில் இருந்தார். பிறகு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"பயப்பிடாமல் போ. தாய் எங்கடை மாமியின்ரை ஊர். எங்கடை ஆக்கள்தான்."

வாத்தியார் தேடிய லட்சணம் இதுதான். வித்தையை விசாரிக்க ஒரு நிமிடம் இல்லை, சாதியை விசாரிக்க அரை மணித்தியாலம்.

மாஸ்ரரும் தேத்தண்ணி தந்தார். பூப்போட்ட கோப்பையில் பால் தேத்தண்ணி. அங்கே எனக்கு விடாய் வந்தது. குடித்துவிட்டு இன்னும் அரைக் கோப்பை கேட்டு வாங்கினேன்.

இரண்டு வருடம். முதல் நாளே கையில் கம்பு தந்துவிட்டார். இரண்டு நுனியிலும் சிவப்பு ரிப்பன். பாட்டைப் போட்டுவிட்டுச் சுற்றச் சொல்வார். சுற்றினோம். வங்கிக்காரிகள், நேர்ஸ்மார், நான். "சிரிச்சுக்கொண்டு செய்யுங்கோ ரீச்சர், கமரா பாக்குது" என்பார். இரண்டு வருடத்தில் அவர் என்னில் திருத்திய ஒரே விசயம் என்னுடைய சிரிப்பு.

ஒரு நாள் கேட்டேன். "ஏன் மாஸ்ரர் பெருவிரலைக் கம்புக்கு மேலை நீட்டிப் பிடிக்கிறம்?"

"அது எங்கடை முறை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேள்வி கேட்டால் கலை வராது ரீச்சர்" என்றார்.

என் வகுப்பில் வேறொரு வாத்தி பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஆளை நான் படியால் இறக்கி விட்டிருப்பேன். இங்கே தலையாட்டினேன். அவர் எங்கள் ஆள் அல்லவா.

அந்த இரண்டு வருடத்தில் ஒருவருடைய கம்பும் என் கம்பில் ஒரு தரமாவது மோதவில்லை. மோதினால் பெயின்ற் உரிந்துபோகும் என்பார். ஐந்து சான்றிதழ் தந்தார். ஐந்தையும் சட்டம் போட்டு விறாந்தையில் தூக்கினேன். ரியூசன் பிள்ளைகள் பார்த்து "ரீச்சரோடை தனகக் கூடாது" என்று பகிடி விடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. இடையிடையே பவளராணியின் அந்த ஒற்றை விரல் தோளில் வந்து போகும். தலைக்கனம் பிடித்தவள் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் இரண்டு கிழமைக்கு முன் உங்களுக்கும் எழுதினேன்.

மேடை

போன வருடம் மாஸ்ரரின் ஆண்டுவிழா. வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தினர், பந்தல், ஒலிபெருக்கி. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு சிலம்பக் குழுவும் வந்திருந்தது. ரிப்பன் சுற்றல் முடிந்ததும் விருந்தினர் ஒருவர், இரண்டு பேர் மோதுவதைப் பார்க்க வேண்டும் என்றார்.

மாஸ்ரர் ஒலிவாங்கியில் என் பெயரைச் சொன்னார். "ஐந்து சான்றிதழ் பெற்ற எங்கள் கணித ஆசிரியை" என்றார். எதிரில் வந்தது மட்டக்களப்புக் குழுவிலிருந்த ஒரு மெலிந்த பெண். என்னைக் கும்பிட்டுவிட்டுக் கம்பை ஓங்கினாள். ஐந்து சான்றிதழ் வாங்கிய ஆளுக்கு அடிக்கிற அடிதான் அது. பலமான அடிகூட இல்லை.

நான் பழகிய மாதிரியே கம்பைக் குறுக்கே பிடித்தேன். அவளுடைய கம்பு என் கம்பில் பட்டு, வழுக்கிக்கொண்டு வந்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த என் பெருவிரலில் இறங்கியது.

சத்தம் எனக்குக் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. அந்தப் பெண் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏன் அக்கா விரல மேல வெச்சீங்க, ஏன் அக்கா" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மாஸ்ரர் ஒலிவாங்கியை விடவில்லை. "சின்னத் தட்டுத்தான். கலைக்கு இரத்தம் புதிதல்ல" என்றார். பாட்டைப் போடச் சொன்னார். அடுத்த குழு ரிப்பனோடு மேடைக்கு ஏறியது. பிறகு மற்றவர்களிடம், ரீச்சர் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை, கவனக்குறைவு என்று சொன்னாராம். ஒரு நாள்கூட நான் தவறவிட்டதில்லை.

விரல் இரண்டு இடத்தில் உடைந்து, மூட்டும் சேர்ந்து போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். இப்போது அந்தப் பெருவிரல் மடங்காது. வெள்ளைப் பலகையில் எழுதும் பேனையை அந்தக் கையால் பிடிக்க ஏலாது.

எனக்கு ஒரேயொரு வித்தை தெரியும். கவராயம் இல்லாமல் பலகையில் ஒரே இழுவையில் வட்டம் கீறுவேன். புதுப் பிள்ளைகள் கை தட்டும். இப்போது இடக்கையால் கீறுகிறேன், முட்டை மாதிரி வருகிறது. பிள்ளைகள் நல்லவர்கள், சிரிப்பதில்லை. "நாங்கள் கீறுறம் ரீச்சர்" என்று எழும்பி வருவார்கள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

சான்றிதழ்களைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஐந்து வெள்ளைச் சதுரம் இன்னும் தெரிகிறது.

கேத்தில்

தேத்தண்ணியை விட்டிட்டியள் என்று அன்ரன் சொன்ன பிறகு மூன்று நாள் பொறுத்தேன். போன திங்கட்கிழமை பின்னேரம், கொழும்புத்துறைக்கு விடச் சொன்னேன்.

"விடுறன். ஆனா நான் இந்த முறை உள்ளுக்கை வரமாட்டன்" என்றார்.

"ஏன்?"

"போனமுறை எனக்கு வெக்கமாப் போச்சு ரீச்சர்."

முற்றத்தில் எட்டுப் பெண்கள் நின்றார்கள். நண்டுக் கொம்பனியிலிருந்து நேரே வந்தவர்கள் போல, றப்பர் சப்பாத்துகள் வேலியோரம் வரிசையாக இருந்தன. பாட்டு இல்லை. ரிப்பன் இல்லை. கம்பும் கம்பும் மோதும் சத்தம் மட்டுந்தான். படலையடியில் நின்று பார்த்தேன்.

ஒருத்தி கேட்டாள். "இடக்கால் ஏன் பிந்தி வரவேணும் அக்கா?"

பவளராணி எல்லாரையும் நிற்பாட்டினார். அவளை முந்தி வைக்கச் சொன்னார். கம்பு நுனியால் அவளுடைய கெண்டைக்காலில் மெல்லத் தட்டினார். பிறகு பிந்தி வைக்கச் சொன்னார். அதே தட்டு காற்றில் போனது.

"விளங்கிச்சோ?"

"இல்லை அக்கா."

திரும்பவும் செய்தார். மூன்றாம் தரம் அவள் "ஓம்" என்றாள். அந்த 'இல்லை'யைத்தான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன். பயமில்லாமல் 'விளங்கவில்லை' என்று சொல்லக்கூடிய வகுப்பில்தான் வாத்தியார் இருக்கிறார். மாடியில் இரண்டு வருடம் நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. பொறாமையாக இருந்தது.

"வாங்கோ ரீச்சர். இருங்கோ" என்றார் என்னைக் கண்டுவிட்டு. அதே சிவப்புக் கதிரை.

கேட்காமலே என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பெருவிரலை மேலை நீட்டிப் பிடிச்சிருக்கிறியள்."

"ஓம்."

"ஆரும் உங்களுக்கு மெதுவா அடிச்சுக் காட்டேல்லையோ?"

"இல்லை."

"முதல் கிழமையே ஒருக்கா மெதுவா அடிச்சிருந்தால் நீங்களே விரலை மடக்கியிருப்பியள்" என்றார். என் கையை என் மடியில் திரும்ப வைத்தார்.

வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "பவளராணி, அண்டைக்கு நான்..."

"அது பழைய கதை ரீச்சர்."

"இடக்கை இருக்குத்தானே. இடக்கையாலை பழகலாமோ?"

"பழகலாம். நல்லாப் பழகலாம்" என்றார். யார் பழக்குவது என்று சொல்லவில்லை.

இடைவேளை வந்தது. ஒரு பெண் பெரிய கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இஞ்சி வாசம். சில்வர்க் கோப்பைகள். ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டு வந்தாள். இந்த முறை குடிக்கத்தான் வந்திருந்தேன். கையை மடியிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். கேத்தில் எனக்குக் கிட்ட வந்தது, என்னைத் தாண்டிப் போனது.

பவளராணி படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கை முனைக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சோடாப் போத்தலும் திறப்பானும் இருந்தன. எனக்கு முன்னால் நின்று, நான் பார்க்கிற மாதிரிப் பிடித்து, மூடியை உடைத்தார்.

"குடியுங்கோ ரீச்சர். கடைச் சோடா. உங்களுக்கு முன்னாலைதான் உடைச்சது."

குரலில் நக்கல் இல்லை. நக்கல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அப்பாவுக்குப் போத்தல் நீட்டிய கைகளில் இருந்த அதே மரியாதைதான் இருந்தது.

"எனக்கும் தேத்தண்ணி தாங்கோ. நான் குடிப்பன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இது பழகிற ஆக்களுக்கு ரீச்சர்."

"நானும் பழகத்தானே வந்தனான்."

அவர் எனக்கு முன்னால் குந்தியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இடக்காலை விளக்கிய அதே பொறுமையோடு விளக்கினார்.

"எங்கடை பெரியப்பாதான் எனக்குப் பழக்கினவர். முதல் நாள் அவரின்ரை கையாலை ஒரு தேத்தண்ணி. அதுக்குப் பிறகுதான் எல்லாம். ஏனெண்டால், நான் உங்களுக்கு அடிக்கவேணும். நான் ஓங்கேக்கை, இந்தக் கை எனக்குக் கெடுதல் செய்யாது எண்டு நீங்கள் நம்பவேணும். நம்பாட்டில் கண்ணை மூடுவியள். கண்ணை மூடினால் முறிஞ்சு போவியள். என்ரை கையாலை ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க ஏலாத ஆளுக்கு நான் என்னெண்டு அடிக்கிறது?"

"இப்ப நம்புறன்."

"இப்ப உங்களுக்குக் கை உடைஞ்சிட்டுது. அதாலை வந்திருக்கிறியள்" என்றார். பிறகு எழும்பி, "காஸ் போகமுன்னம் குடியுங்கோ" என்றார்.

இடக்கையால் போத்தலைப் பிடித்துக் குடித்தேன். அந்த எட்டுப் பெண்களும் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கம்பைத் தொடாமல், நான் குடித்து முடியும்வரை மரியாதையாகக் காத்து நின்றார்கள். வெறும் போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன். படலையைச் சாத்தி ஒழுங்கையில் இறங்கிய பிறகுதான் பின்னால் கம்புச் சத்தம் கேட்டது.

அன்ரன் என் முகத்தைப் பார்த்தார். "குடிச்சியளோ ரீச்சர்?" என்று கேட்டார்.

"ஓம். குடிச்சனான்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. வீடு வரும்வரை கதைத்துக்கொண்டே வந்தார். நான் என்ன குடித்தேன் என்பது இந்தக் கிழமை பத்திரிகையைப் பிரிக்கும்போதுதான் அவருக்குத் தெரியும்.